கல்லைப் படித்தவர் காற்றைப் படித்தார்!

தை மாதக் குளிருக்கு நெய்வேலியில் ஒரு போர்வை போதும். டெல்லியிலோ கம்பளியும் கணப்பும் வேண்டும்! சூரியன் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தியா முழுவதற்கும் இந்தக் கணக்கை எடுக்க வைத்தவர், ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. நெய்வேலி மண்ணுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

பாறை ஆராய்ச்சி

பிளான்போர்டு 1834-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 1855-ல் அண்ணன் வில்லியமுடன் இந்தியா வந்து, நில ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். தென்னாற்காடு, திருச்சி ஜில்லாக்களின் பாறைகளை ஆராய்ந்தார். ஒருவகைப் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயரிட்டார். அந்தப் பாறைத் தொகுதிக்குள்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடந்தது. அதை வெட்டி எடுக்கும் நிறுவனம் தோன்றியது 1956-ல்தான்!

உடல்நலம் கெட்டதால் 1862-ல் அந்த வேலையை விட்டார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

புயல் காட்டிய வழி

1864 அக்டோபர் 5-ந் தேதி கல்கத்தாவைப் பயங்கரப் புயல் தாக்கியது. சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். அந்தப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் பிளான்போர்டும் ஒருவர். 1867-ல் வங்காள சர்க்கார் அவரை வானிலை அதிகாரியாக நியமித்தது. 1875-ல் இந்தியா முழுவதற்கும் முதல் வானிலை அதிகாரி ஆனார்.

அப்போது ஊருக்கு ஊர் கருவியும் வேறு, கணக்கெடுக்கும் முறையும் வேறு. எல்லா இடத்திலும் ஒரே முறை வேண்டும் என்று அவர் பாடுபட்டார். ஓர் ஊரின் வழக்கமான வெப்பம் தெரிந்தால்தானே, வழக்கத்துக்கு மாறானது தெரியும்?

நிலமும் கடலும்

டெல்லியில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் சுமார் 14 டிகிரி. ஜூனில் 33 டிகிரிக்கு மேல். சென்னையில் ஜனவரியில் சுமார் 25. மே மாதம் சுமார் 33. டெல்லியில் ஏற்ற இறக்கம் 20 டிகிரி அளவு. சென்னையில் 8 டிகிரிதான்!

காரணம் இரண்டு. டெல்லி வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெயில் மிகவும் சாய்வாக விழுகிறது, பகலும் குறுகிவிடுகிறது. தெற்கே அந்த அளவுக்கு இல்லை. இரண்டாவது காரணம் கடல். மண் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். தண்ணீர் மெல்லச் சூடாகி, மெல்ல ஆறும். அதனால் கடலோர ஊர்களில் வெயிலும் குளிரும் அளவோடு நிற்கின்றன. நெய்வேலிக்குக் கிழக்கே வங்கக்கடல் முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. கடற்காற்று எட்டும் நாட்களில் மாலை வெயில் தணிகிறது.

பஞ்சமும் பனியும்

கோடையில் நிலம் கடலைவிட அதிகம் சுடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைக் கடலிலிருந்து இழுப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மழை தவறினால்? 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் வந்த தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்டது.

முன்கூட்டியே அறிய முடியாதா? பிளான்போர்டு இமயமலையைப் பார்த்தார். அங்கே பனி மிகுந்தால் நிலம் சூடேறுவது தாமதமாகும், மழையும் குறையும் என்று கருதினார். 1886-ல் நாட்டுக்கே முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். பனி மட்டும் போதாது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனாலும் அவர் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள்.

1893-ல் இங்கிலாந்தில், 58-வது வயதில் பிளான்போர்டு காலமானார். அவர் தொடங்கிய வானிலை இலாகா இன்றும் நாள்தோறும் வெப்பத்தைக் குறித்துவருகிறது.