புன்னகைச் சகோதரி

ஆலயத்தில் பிறக்கும் பாட்டு சில வேளைகளில் வாசற்படி தாண்டி உலகையே வலம் வருவதுண்டு. அத்தகைய பாட்டொன்றையும், அதைப் பாடிய கன்னிகையின் வாழ்வையும் நம் பங்கு மக்கள் அறிந்திருப்பது நலம்.

ஜானின் டெக்கர்ஸ் 1933ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். 1959இல் வாட்டர்லூவை அடுத்த ஃபிஷர்மோன் என்னுமிடத்திலுள்ள சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, லூக் கபிரியேல் என்ற துறவறப் பெயர் பெற்றார். கிட்டாரை மீட்டித் தாமே இயற்றிய எளிய பாடல்களைப் பாடுவார். தியானத்திற்கு வந்தவர்கள் அவற்றை விரும்பிக் கேட்டனர். மடத்தார் அனுமதியோடு 1961இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் பாடல்களைப் பதிவு செய்தனர். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. புன்னகைச் சகோதரி எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரே இருந்தது.

புனித சாமிநாதரின் ஏழ்மையையும் போதகப் பணியையும் பற்றிய டொமினிக் என்னும் பாடல், 1963 டிசம்பரில் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடம் வகித்தது. காதல் பாட்டுகளே ஒலித்த வானொலிகளில், மொழி புரியாதவர்களும் ஒரு புனிதரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர். அதே டிசம்பர் 4ஆம் நாள்தான், திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்த சாசனத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது என்பது நினைக்கத்தக்கது. 1964இல் சகோதரிக்குக் கிராமி விருது கிடைத்தது. 1966இல் அவர் கதையைத் தழுவி ஹாலிவுட்டில் திரைப்படமும் வந்தது.

ஆயினும் புகழ் அவருக்கு அமைதி தரவில்லை. 1966இல் மடத்தை விட்டு வெளியேறினார். ஒப்பந்தப்படி, உலகறிந்த அப்பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை. புதுப் பெயரில் பாடிய பாடல்கள் எடுபடவில்லை. இசைத்தட்டு வருமானம் நிறுவனத்துக்கும் மடத்துக்கும் போயிருக்க, 1970களில் அரசு அவரிடம் பெருந்தொகையை வரியாகக் கேட்டது. பணம் மடத்துக்கே சேர்ந்தது என்று காட்ட அவரிடம் ரசீது இல்லை. தோழியுடன் வாவ்ர் நகரில் ஆட்டிசம் கொண்ட குழந்தைகளுக்காக நடத்திய பள்ளியும் நிலைக்கவில்லை. கடனும் மனச்சோர்வும் நெருக்க, 1985 மார்ச் 29ஆம் நாள் இருவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அப்போது சகோதரிக்கு வயது 51.

அன்பர்களே, பாட்டை உலகமே கேட்டது. பாடியவரின் துயரைக் கேட்க ஆளில்லாமற் போயிற்று. நம் பாடற்குழுவில் இனிய குரலைப் பாராட்டும் நாம், அக்குரலுக்கு உரியவரின் வீட்டு நிலையையும் மனப் பாரத்தையும் விசாரிக்கிறோமா? ஞாயிறு பூசைக்கு வராத பாடகரை வீடு தேடிச் சென்று பார்ப்பதும் இறைபுகழ்ச்சியே. இறைவன் இரக்கம் அளவற்றது. அவ்விரக்கத்தில் இவ்வான்மாக்கள் இளைப்பாற மன்றாடுவோம்.