பேராசிரியர் குமரப்பா

மதுரையினின்று திருமங்கலம் வழியாகத் தென்மேற்கே செல்வோர், கரிசல் நிலங்களினிடையே கல்லுப்பட்டி என்னும் ஊரைக் காண்பர். நியூயார்க்கிற் பயின்ற பொருளியலறிஞரொருவர் தம் இறுதிக்காலத்தை அவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்திலே கழித்தாரென்பதை நம் மாணாக்கருட் பலர் அறியார். அவரே ஜோசப் செல்லத்துரை குமரப்பா.

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த இவர், இலண்டனிற் கணக்காய்வு கற்றுப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, ஸிரக்யூஸ் பல்கலைக் கழகத்தில் 1928-ல் வாணிபவியற் பட்டம் பெற்று, கொலம்பியாவிற் பேராசிரியர் ஸெலிக்மனிடம் பொருளியல் பயின்றார். இந்தியா வறுமையுற்றிருப்பதேன் என்று இவர் ஓர் ஆலயத்திற் பேசியதைப் பத்திரிகையிற் கண்ட ஸெலிக்மன், அதனையே ஆராயுமாறு தூண்டினார். அரசினர் வரவு செலவுகளைப் புரட்டப் புரட்ட அந்நிய ஆட்சியின் சுரண்டல் புலப்பட்டது. மேனாட்டு நாகரிகத்திற் றோய்ந்திருந்த கணக்கரைத் தேசபக்தராக்கியது மேடைப் பேச்சன்று, கணக்கேடே.

1929 மே மாதம் சாபர்மதியிற் காந்தியடிகளைக் காணச் சென்றவர், சாணமிட்ட தரையிலமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே அவரென அறியாது நின்றாராம். அடிகள் அவ்வாராய்ச்சியை 'யங் இந்தியா'வில் வெளியிட்டதோடு, இவரைக் குஜராத் வித்யாபீடத்திற் பேராசிரியராகவும் அமர்த்தினார். அங்கே குமரப்பா மாணாக்கரோடு மாத்தர் தாலுகாவின் சிற்றூர்களிற் புகுந்து, குடியானவர்தம் வரவு செலவுகளைத் திரட்டினார். நூல்நிலையத்தை விட்டெழாது கட்டுரை வரையும் நம்மனோர்க்கு இது சிறிது நாணந் தருவதே.

1934 முதல் வார்தாவிற் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியதரிசியாயிருந்தார். 1942-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர்ச் சிறைப்பட்டபோது எழுதி 1945-ல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலே இவர் புகழுக்கு நிலைக்களன். நிலக்கரி, எண்ணெய், இரும்பு என்பன வரத்துக்கால் அற்ற கண்மாய் நீர் போல்வன. எடுக்க எடுக்கக் குறையும். வெட்டுந்தோறும் நட்டு வளர்க்கும் மரமோ ஓடும் ஆற்றை ஒக்கும். முன்னதை நம்பிய நாடுகள் எஞ்சியதற்காகப் போரிட்டே தீரும் என்பது இவர் துணிபு. உழுபொறியையும் இரசாயன உரத்தையும் இவர் எதிர்த்ததை மிகையென்று நாமும் ஒருகால் எண்ணினோம். நிலம் களைத்த செய்திகளைக் கேட்டபின் அங்ஙனம் கூற நாவெழவில்லை.

சுதந்திரத்திற்குப்பின் காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்து 1949-ல் அறிக்கை தந்தார். அரசினர் பெருந்தொழில் வழியையே நாட, இவர் மனம் நொந்து, 1950-களிற் கல்லுப்பட்டிக்கு ஒதுங்கினார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், காலமானார்.