வெள்ளணுக்களில் மனித அடையாளத்தைக் கண்டறிந்த ழான் டோசே

ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்துவதற்கு முன்னர், இருவரின் திசுக்களும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவர்கள் சோதிப்பது இன்று வழமையாகிவிட்டது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் டோசே.

1916ஆம் ஆண்டு துலூஸ் நகரில் பிறந்த டோசேயின் தந்தை, மூட்டுவாத நோய்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர். இரண்டாம் உலகப்போரின்போது வட ஆப்பிரிக்காவில் காயமுற்ற படையினருக்கு இரத்தம் ஏற்றும் பணி டோசேயிடம் வந்தது. அந்த அனுபவமே அவரை இரத்த ஆய்வுக்கு இட்டுச்சென்றது.

போருக்குப் பின்னர் பாரிஸில், பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலரின் சீரம், பிறரது வெள்ளணுக்களைத் திரளச் செய்வதை அவர் கவனித்தார். ஆனால், அந்த நோயாளிகளின் சொந்த வெள்ளணுக்களை அது பாதிக்கவில்லை. சிவப்பணுக்களைப் போலவே வெள்ளணுக்களிலும் பரம்பரையாக வரும் வகைகள் உண்டு என்பதை இது உணர்த்தியது. அவற்றுள் முதலாவதை 1958இல் அவர் விவரித்தார். ஆய்வுக்கு உதவிய மூவரது பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மாக்' என்று அதற்குப் பெயரிட்டார். இன்று அது எச்.எல்.ஏ.-ஏ2 எனப்படுகிறது.

இந்த அடையாளங்களுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்துள்ளன. உடலுக்குரியது எது, அந்நியமானது எது என்று நோயெதிர்ப்பு அணுக்கள் பிரித்தறிய இவையே துணைபுரிகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு தொகுதி கிடைப்பதால், உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

நோய்களைப் புரிந்துகொள்ளவும் இக்கண்டுபிடிப்பு உதவியது. முதுகெலும்பை இறுகச் செய்யும் ஒருவகை மூட்டுவாத நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோரிடம் எச்.எல்.ஏ.-பி27 காணப்படுவதை 1973இல் லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்தனர். எனினும், அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்நோய் வருவதில்லை. மரபணு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர, விதியைத் தீர்மானிப்பதில்லை.

1980ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்னெல், பரூஜ் பெனசெராஃப் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்களுடன் டோசே மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1984இல் பாரிஸில் அவர் அமைத்த ஆய்வு மையம், பெருங்குடும்பங்களின் டி.என்.ஏ. மாதிரிகளைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களுடன் பகிர்ந்து, மனித மரபணு வரைபடம் உருவாகத் துணைநின்றது.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது 92ஆவது வயதில், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அவர் காலமானார்.

இந்த அடையாளங்களின் பரவல் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. எனவே எலும்பு மச்சை மாற்று தேவைப்படும் நோயாளிக்கு, குடும்பத்துக்கு வெளியே பொருத்தமான கொடையாளர் பெரும்பாலும் அவரது சமூகத்திலிருந்தே கிடைக்கிறார். புலம்பெயர்ந்து சிறுபான்மையினராக வாழ்வோர் கொடையாளர் பதிவேடுகளில் இணைவது உயிர்காக்கும் தேவையாவது இதனால்தான்.