தூக்கத்தில் கிடைத்த விடை... யார் இந்த ஆல்ஃப்ரெட் வெர்னர்?

நள்ளிரவு 2 மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தவர், மாலை 5 மணி வரை எழுதித் தள்ளினாராம். 1893இல் வெளியான அந்தக் கட்டுரைதான் வேதியியலைப் புரட்டிப்போட்டது. ஆல்ஃப்ரெட் வெர்னருக்கு அப்போ வயசு 26.

உலோக அணுவைச் சுற்றி 6 மூலக்கூறுகள் எண்முக வடிவில் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் என்றார். சங்கிலி மாதிரி நீளும் என்றவர் டென்மார்க்கின் யோர்கென்சன். வெர்னரிடம் சொந்த ஆய்வு முடிவே கிடையாது. யோர்கென்சனின் தரவுகளை வைத்தே அவரை மறுத்தார், துணிச்சல்தான்!

ஆதாரம் சேர்க்க சூரிச்சில் 20 வருஷம் ஆனது. 1911இல், இடக்கை வலக்கை போன்ற இரண்டு கோபால்ட் சேர்ம வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். அப்போதும் விடவில்லை, அது கார்பன் செய்யும் வேலை என்றார்கள். 1913இல் நோபல் பரிசு. 1914இல், கார்பனே இல்லாத, 4 கோபால்ட் அணுக்கள் கொண்ட மூலக்கூறையும் அதேபோல் பிரித்தார். பேச்சு அடங்கியது. 1919இல், 52 வயதில் காலமானார்.

பின்னாளில் அதே அமைப்பில் 4 இரும்பு அணுக்களை வைத்தும் மூலக்கூறு செய்தார்கள். சுற்றியுள்ள மூன்றின் காந்தம் ஒரு பக்கம், நடுவில் இருப்பது எதிர்ப்பக்கம். கடுங்குளிரில் ஒவ்வொரு மூலக்கூறும் தனிக் காந்தம்!