வாளில்லா வாள்மரபு

ஜப்பானிய வாள்வீரர்களுள் யமாவோக்கா டெஷூ தனியிடம் பெற்றவர். அவர் 1836ஆம் ஆண்டு எடோ நகரில் பிறந்தார். இன்றைய தோக்கியோவே அன்றைய எடோ. ஒன்பது வயதில் வாட்பயிற்சியைத் தொடங்கிய டெஷூ, ஆறடிக்கும் மேலான உயரமும் மிகுந்த உடல்வலிமையும் கொண்ட இளைஞராக வளர்ந்தார்.

1863ஆம் ஆண்டில், இத்தோ மரபைச் சேர்ந்த அசாரி என்னும் ஆசானுடன் டெஷூ வாட்போட்டியில் இறங்கினார். அசாரியின் பதற்றமற்ற ஆற்றலுக்கு முன் அவருடைய உடல்வலிமை பயன்படவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்ட டெஷூ, தம்மை வென்றவரிடமே மாணவராகச் சேர்ந்தார். ஆயினும், வாளேந்தும் போதெல்லாம் அசாரியின் உருவம் மலைபோல் அவர் மனக்கண்முன் எழுந்து நின்றது. தம்மைத் தடுப்பது ஆசானின் வாளன்று, தம் உள்ளத்திலுள்ள அச்சமே என உணர்ந்தார். அதனால், வாட்பயிற்சியுடன் தியானத்தையும் விடாது மேற்கொண்டார்.

அவரது மனவுறுதிக்கு 1868இல் பெருஞ்சோதனை வந்தது. ஷோகுன் எனப்பட்ட ஆட்சித்தலைவரை எதிர்த்துப் பேரரசரின் படை எடோவை நோக்கி வந்தது. ஷோகுனின் தூதராகப் புறப்பட்ட டெஷூ, எதிரிப் படையினரைக் கடந்து சுன்பு நகருக்குச் சென்றார். அங்குத் தளபதி சைகோ தக்காமோரியுடன் பேசி அமைதிக்கு வழிவகுத்தார். எடோ கோட்டை போரின்றி ஒப்படைக்கப்பட்டது.

1876இல் பொதுமக்கள் வாள் அணிவதை அரசு தடை செய்தது. வாளுக்கு இனி வேலையில்லை எனப் பலர் கருதினர். டெஷூவோ பயிற்சியைக் கைவிடவில்லை. 1880 மார்ச் 30ஆம் நாள் விடியலில், பதினேழு ஆண்டுகளாக அவரை அச்சுறுத்திய உருவம் மனத்திலிருந்து மறைந்தது. அன்று அவருடன் எதிர்நின்ற அசாரி, வாளைத் தாழ்த்தி மாணவரின் தேர்ச்சியை ஏற்றார். தம் மரபின் நுட்பங்களையும் அவரிடம் ஒப்படைத்தார்.

பின்னர் டெஷூ, ‘வாளில்லாதது’ என்னும் பொருளுடைய முத்தோ மரபைத் தோற்றுவித்தார். அவருடைய மாணவர்கள் முதல் மூன்றாண்டுகள் அடிப்படை வீச்சுகளையே மீண்டும் மீண்டும் பழகினர். தேர்ந்தவர்கள் ஒரே நாளில் 200 போட்டிகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. உடல் சோர்ந்தபின் தந்திரங்கள் உதவா; மனவுறுதி மட்டுமே துணைநிற்கும் என்பதை அப்பயிற்சி கற்பித்தது.

1888இல், தம் 52ஆம் வயதில், டெஷூ தியானத்தில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். வாழ்நாளெல்லாம் வாளுடன் வாழ்ந்த அவர், அதனால் எவரையும் கொன்றதில்லை என்பர்.