ஒரே அட்டை! ஒரே ஸ்டாம்பு!

வங்காளத்தில் ரங்கபூர் என்று ஓர் ஊர். இப்போது அது வங்காள தேசத்தில் இருக்கிறது. அங்கே 1879-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி ஐ.சி.எஸ். நீதிபதி ஒருவருக்கு மகன் பிறந்தான். வில்லியம் பெவரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். தாயார் கெட்டிக்காரர். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தக் கல்கத்தா வந்தவர். பின்னால், பாபர் சக்கரவர்த்தியின் சுயசரிதையை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவரும் அவரே.

பெவரிட்ஜ் ஆக்ஸ்போர்டில் படித்தார். வக்கீலாகிப் பணம் குவித்திருக்கலாம். அவரோ 1903-ல் லண்டன் நகரின் கிழக்கே, ஏழைகள் வாழும் பகுதிக்குப் போனார். வேலை இல்லாத் திண்டாட்டத்தை அங்கே நேரில் கண்டார். பிறகு சர்க்கார் உத்தியோகம். வேலை தேடுவோருக்காக 1910-ல் இங்கிலாந்தில் வேலை வாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்ணில் நீர்

1941. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத் தொழிலாளர் நிர்வாகத்தைத் தாமே நடத்த வேண்டும் என்று பெவரிட்ஜ் ஆசைப்பட்டார். ஆனால் தொழில் மந்திரி பெவினுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏழைகளுக்கான உதவித் திட்டங்களை ஆராயும் கமிட்டிக்குத் தலைவராக அனுப்பிவிட்டார்கள். தம்மை ஒதுக்குகிறார்கள் என்று பெவரிட்ஜுக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டார்.

அன்றைய உதவித் திட்டங்கள் ஒரே குழப்பம்! வேலை போனால் ஒரு கதவைத் தட்ட வேண்டும். நோய் வந்தால் வேறொரு கதவு. கை கால் அடிபட்டால் முதலாளியோடு வழக்காட வேண்டும். விதவைப் பணம் தனி. ஈமச் செலவுக்கு, வாரம்தோறும் வாசலுக்கு வரும் ஏஜெண்டிடம் சில்லறை கட்ட வேண்டும்.

மனைவியும் 2 குழந்தைகளும் உள்ள தொழிலாளிக்கு வேலை இல்லாவிட்டால் வாரம் 38 ஷில்லிங் கிடைத்தது. அதே மனிதர் நோயில் படுத்தால் 18 ஷில்லிங்தான்! நோயாளிக்குச் செலவு அதிகமா, குறைவா? அந்தச் சட்டங்களுக்கு அது தெரியவில்லை.

இன்ஷ்யூரன்ஸ் உதவி தீர்ந்தவர்கள் பாடு இன்னும் மோசம். 1931 முதல், வீட்டு வருமானத்தை அதிகாரிகள் சோதித்தார்கள். மகள் சம்பாதித்தால் தகப்பனுக்குப் பணம் குறைந்தது. 1941-ல்தான் அந்த விதி தளர்ந்தது.

வரிசையில் நின்ற மக்கள்

பெவரிட்ஜ் எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொன்னார். ஒருவருக்கு ஓர் அட்டை. வாரம் ஒரு ஸ்டாம்பு. நோய், வேலையின்மை, முதுமை, எது வந்தாலும் அந்த ஒரே அட்டைக்குப் பணம். தம்பதிக்கு வாரம் 40 ஷில்லிங், அதாவது 2 பவுன். பிச்சையாக அல்ல, உரிமையாக! மணமான பெண்களைக் கணவரின் நிழலிலேயே வைத்தது மட்டும் திட்டத்தின் பெரிய குறை.

செலவை நினைத்து நிதி இலாகா பயந்தது. கமிட்டியில் இருந்த மற்ற அதிகாரிகள் கையெழுத்துப் போடவில்லை. பெவரிட்ஜ் ஒருவர்தான் போட்டார். 1942 டிசம்பரில் அறிக்கை வெளிவந்தது. சினிமாவுக்கு நிற்பதுபோல் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சுருக்கப் பதிப்பையும் சேர்த்து 6 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன!

1944-ல் பெவரிட்ஜ் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். மறு ஆண்டே தேர்தலில் தோற்றார். திட்டம் தோற்கவில்லை. ஜெயித்துவந்த தொழிற் கட்சி அதைச் சட்டமாக்கியது. 1948 ஜூலை 5-ந் தேதி முதல் புதிய முறை அமலுக்கு வந்தது.

ஆனால் அதற்குள் விலைவாசி, பெவரிட்ஜ் கணக்கிட்டதையும் தாண்டி ஏறியிருந்தது. தம்பதிக்குக் கிடைத்த 42 ஷில்லிங், வீட்டு வாடகையும் கொடுத்துச் சாப்பிடப் பலருக்குப் போதவில்லை. பிரபு பட்டம் பெற்றிருந்த பெவரிட்ஜ், பிரபுக்கள் சபையில் இதைக் குறை கூறிப் பேசினார். தொகை போதிய அளவு உயரவில்லை.

1963-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி, ஆக்ஸ்போர்டில், 84-வது வயதில் அவர் காலமானார். அப்போதும் இங்கிலாந்தில் முதியோர் பலர், பென்ஷன் போதாமல், வருமானத்தைச் சோதித்துத் தரும் உதவிக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.