டெஸ்காஹேயும் எல்லைக் கோடும்

அந்நியர் வரைந்த கோடொன்று ஒரு ஜனசமூகத்தை இரு கூறாக்கும்பொழுது, உற்றாரின் போக்குவரவும் வழிபாடும் வைத்தியமுங்கூடத் துண்டிக்கப்படுகின்றன. இவ்வுண்மைக்குத் தம் உயிரையே சான்றாக வைத்துச் சென்றவர், வட அமெரிக்க ஆதிகுடித் தலைவர் டெஸ்காஹே.

1873-ம் வருஷத்தில் கனடாவின் கிராண்ட் நதிப் பிரதேசத்தில் கயூகா மரபில் அவர் பிறந்தார். லீவை ஜெனரல் என்பது இயற்பெயர். டெஸ்காஹே என்பது 1917-ல் அவர் ஏற்ற தலைமைப் பட்டம். உழவே அவரது ஜீவனம். இரோகுவா என வழங்கும் ஆறு தேசத்தாரின் ஊர்கள் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எல்லையின் இருபுறத்து ஆதிகுடிகளும் தடையின்றிப் போய்வரலாமென, 1794-ம் வருஷத்து ஜே உடன்படிக்கையிலேயே பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புக்கொண்டிருந்தன.

ஆயினும் கனடா சர்க்கார் ஆறு தேசத்தாரின் சுயாட்சியைப் பறிக்க முற்பட்டது. டெஸ்காஹே தம் மகாசபை அளித்த பாஸ்போர்ட்டுடன் 1923-ல் ஜினீவா சென்று, சர்வதேச சங்கத்தில் நீதி வேண்டினார். அயர்லாந்து, பாரசீகம், பனாமா, எஸ்தோனியா ஆகியவை ஆதரவளித்தன. பிரிட்டனின் எதிர்ப்பால் மனு விசாரணைக்கே வரவில்லை. 1924-ல் கனடா அம்மகாசபையைக் கலைத்தது.

அமெரிக்கா திரும்பிய தலைவர் நோயுற்று, நயாகராவை அடுத்த டஸ்கரோரா தலைவர் கிளின்டன் ரிக்கார்டின் இல்லத்தில் படுக்கையிலானார். அவர் நம்பிய வைத்தியர் கனடாவிலிருந்து வர முயன்றும், 1924-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் வழிமறித்ததென ரிக்கார்டு எழுதியிருக்கிறார். 1925 ஜூன் 27-ந் தேதி டெஸ்காஹே காலமானார்.

அம்மரணம் வீணாகவில்லை. 1926-ல் ரிக்கார்டு ஆதிகுடிகளின் பாதுகாப்புக் கழகத்தை நிறுவிப் போராடினார். கனடாவில் பிறந்த ஆதிகுடிகள் எல்லை கடக்கும் உரிமையை, 1928 ஏப்ரல் 2-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமாக்கியது. அவ்வாண்டு நயாகராவில் எல்லை கடக்கும் ஊர்வலமும் தொடங்கிற்று. கனடாவிலோ, ஜே உடன்படிக்கை தங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாதென 1956-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

எல்லையைக் காப்பது எந்த சர்க்காருக்கும் உரிய கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லை தோன்றுமுன்னரே அங்கு வாழ்ந்தவர்களை அந்நியராக எண்ணுவது எவ்வகையில் தர்மமாகும்? கோடு அவர்களைத் தேடி வந்ததேயொழிய, அவர்கள் கோட்டைத் தேடிச் சென்றாரல்லர். மரணப் படுக்கைக்கு வைத்தியன் வரவொட்டாத காவல் எந்த ராஜ்யத்துக்கும் பெருமை தராதென்பதே நமது கருத்து.